அலையில்லாத நேரம்

ஏரியின் அந்தக் கரையில் சின்னவளுக்குத் தட்டுக்காரி என்று பெயர். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முதன்முதலாகப் படகிலிருந்து இறங்கியபோது, படித்துறையில் நின்ற யாரோ விளையாட்டாக வைத்தது. ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் அவள் சின்னவள், அக்கா பெரியவள். அம்மா இரண்டு பெண்களையும் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. அதிலும் பெரியவளை வாயால் கூப்பிட்டதே இல்லை.

பெரியவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கேட்காததால் பேச்சும் வரவில்லை. அவர்கள் இருந்த பக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் ஏதும் அப்போது கிடையாது. அதனால் அம்மாவும் இரண்டு பெண்களுமாக வீட்டுக்குள்ளேயே கையால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் அம்மா. சுண்டுவிரலைத் தொட்டால் சின்னவள். புருவத்தை நீவினால் நாளைக்கு என்று அர்த்தம். ஏன் புருவம் என்று கேட்டால் மூவருக்கும் தெரியாது. கோள் சொல்ல, கோபித்துக்கொள்ள, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி அவள் எதிரிலேயே பேச, எல்லாவற்றுக்கும் அதில் வார்த்தை இருந்தது. உலகத்தில் மூன்றே பேர் பேசுகிற மொழி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவளுக்கு அந்தக் கரையில் படகு ஓட்டுகிறவரோடு கல்யாணம் ஆனது. தங்கமான மனிதர். தட்டுத்தடுமாறி நாற்பது ஐம்பது வார்த்தைகளைக் கையில் ஏற்றிக்கொண்டார். சோறு, தூக்கம், மழை, எப்போது வருவேன், உடம்புக்கு என்ன? அதற்கு மேல் அவர் கைக்கு ஓடவில்லை. பெரியவள் ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தாள். தைக்கிற நேரம் போக, பேச ஆளில்லாத கைகள் மடியில் கிடந்தன.

தொலைபேசி இருக்கவே இருக்கிறதே என்றால், அந்தக் கரைக்கு வந்து சேர்கிற சிக்னல் நூலிழை மாதிரி இருந்தது. குரலுக்குப் போதும், கைக்குப் போதாது. எழுதியும் அனுப்ப முடியாது. பெரியவளுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் ஆட்களின் பெயரும் துணியின் அளவும்தான். அம்மாவுக்கோ படகில் கால் வைத்தாலே தலை சுற்றும். வருஷத்துக்கு ஒரு தடவை பெரியவள் வந்து பத்து நாள் இருப்பாள். பத்து நாளும் மூன்று பேரும் கை ஓயாமல் பேசுவார்கள். போன பிறகு வீட்டில் ஒருவிதமான இரைச்சல் நின்றுபோன மாதிரி இருக்கும்.

சின்னவள் இணையச் சேவை கொடுக்கும் கம்பெனியில் தொழில்நுட்ப வேலை பார்த்தாள். அந்தக் கரைக்குக் கேபிள் கொண்டுபோக முதலில் ஒரு கூட்டம் கிளம்பியது. ஏரியைச் சுற்றிப் போகிற மலைச்சாலையில் தோண்டிக்கொண்டே போனார்கள். நடுவில் பாறை குறுக்கிட்டது. இரண்டு வருஷம் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு மூட்டையைக் கட்டிவிட்டார்கள். நூற்று நாற்பது வீட்டுக்காக இவ்வளவு பாடா என்று கம்பெனியே கைவிட இருந்தபோது, ஏரிக்கு மேலே வெறும் காற்றுதானே, அதன் வழியாகவே அனுப்பலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் சின்னவள்.

விஷயம் பார்வைக்கு எளிது. நகரத்து அலுவலகக் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாத் தட்டு ஒன்று. ஒன்பது கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால், பள்ளிக்கூட மொட்டை மாடியில் நட்ட கம்பத்தின் உச்சியில் இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அங்கிருந்து வீடுகளுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள்.

தட்டுகள் பார்த்துக்கொண்ட அன்று மத்தியானம் அம்மா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்பில்தான் கை நன்றாகத் தெரியும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். திரையில் பெரியவள் வந்தாள். அம்மா முதலில் திரையில் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மடை திறந்த மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். எட்டு வருஷத்துப் பேச்சு. சின்னவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அறையில் சத்தமே இல்லை. அம்மாவின் வளையல் மட்டும் கேட்டது.

வெயில் சாய்ந்த வேளையில் பெரியவள் முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, 'எனக்கு ஒண்ணு வேணும்' என்று ஆரம்பித்தாள். இரண்டு விரலை உயர்த்தினாள். அப்படியே நின்றுபோனாள். படம் உறைந்துவிட்டது. சின்னவள் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். அன்று மறுபடி வரவேயில்லை.

"ரெண்டு விரலைக் காட்டினாளே, என்னது அது?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலையேம்மா."

"ரெட்டைப் பிள்ளையா இருக்குமோ?"

"எனக்கு வேணும்னுதானே சொன்னா. இருக்குன்னு சொல்லலையே."

"அப்ப ரெண்டு பேரும் பிரியணும்னு சொல்றாளோ?" அம்மாவின் முகம் வாடிவிட்டது. உறைந்த படத்தை அணைக்க விடவில்லை. சாப்பிடும்போதும் எதிரே வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் சின்னவள் முதல் படகுக்குப் போய், மத்தியானம் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். இரண்டு விரல் என்ன என்று கையாலேயே கேட்டாள். பெரியவள் தையல் இயந்திரத்தின் மேலிருந்து மொட்டையாய்ப் போன கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினாள். துணியைக் கடித்துக் கடித்து வெட்டுகிறதாம். நகரத்திலிருந்து நல்லதாய் ஒன்று வேண்டுமாம். சின்னவள் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஆனால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட மாடியில் ஏறிப் பார்த்தால் இணைப்பு அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அவள் திரும்பி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுபடி போயிருந்தது.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. நேரில் போனால் நன்றாக இருக்கும். முதுகைத் திருப்பினால் செத்துவிடும். பதிவுகளைப் பார்த்தபோது, காலையிலும் அந்தியிலும்தான் விழுகிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் சூரிய ஒளியில் ஓடும் மின்சாரத்தில்தான் கோளாறு என்று பேட்டரியை மாற்றினார்கள். விழுந்தது. தட்டில் பனி இறங்குகிறதோ என்று மூடி போட்டார்கள். அப்போதும் விழுந்தது. கம்பம் குட்டை என்று இன்னும் நான்கு ஆள் உயரம் ஏற்றினார்கள். முன்னைவிட மோசமாக விழுந்தது. பேசலாம் என்று உட்காரும் அம்மா, சட்டையை மாற்றாமல் கறுப்பிலேயே காத்திருக்கப் பழகிவிட்டாள்.

மேலாளர் நல்லவர். அதனால்தான் சொல்லுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலே இருந்து சொல்லிட்டாங்கம்மா. இன்னும் பத்து நாள். அதுக்குள்ள நிலைக்கலேன்னா தட்டைக் கழட்டி வேற பக்கம் அனுப்பணுமாம்."

"சார், நாங்க போற படகெல்லாம் மத்தியானம்தான் போய்ச் சேருது. விழற நேரத்துல நாங்க யாருமே அங்க இருந்ததில்ல. நான் போய்த் தங்கிப் பாக்கறேன்."

"அக்கா வீட்ல தங்கறதுக்கு ஒரு சாக்கு," என்று சிரித்தார். ஆனால் அனுப்பினார்.

விடியும் முன்பே அங்கே விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏரி இருப்பதாகவே தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று, வானமா தண்ணீரா என்று பிரிக்க முடியாமல், ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றது. அதற்குள் எங்கேயோ மாமா, அக்காவின் கணவர், படகில் தேங்கிய நீரை இறைக்கும் சத்தம். சின்னவள் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறவள் போலக் கிடந்தாள். பனி மெல்ல விலகியபோது, எதிர்ப்பக்க மலை முதலில் தண்ணீருக்குள் தெரிந்து, அதற்குப் பிறகுதான் மேலே தெரிந்தது. எது நிஜம் என்று சட்டென்று பிடிபடவில்லை. ஒரு பறவை தாழப் பறந்து போனது. அதற்குக் கீழே இன்னொன்று, வயிற்றோடு வயிறு ஒட்டியபடி.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். இணைப்பு இல்லை.

பெரியவள் தலையைப் பின்னிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைக் காட்டி, கையைக் கவிழ்த்தாள். சின்னவளுக்குப் புரியவில்லை. பெரியவள் பின்னலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சொன்னாள்:

'மலை தண்ணியில தலைகீழா நின்னா நீங்க போயிடுவீங்க. மலை கலைஞ்சா வந்துடுவீங்க.'

'எப்பலேருந்து உனக்குத் தெரியும்?'

'முதல் நாள்லேருந்து. எந்நேரமும் ஜன்னல்லதானே உக்காந்திருக்கேன். போனுக்குப் பின்னாடி தண்ணிதானே தெரியுது.'

'ஏன் சொல்லலை?'

பெரியவள் புருவத்தைத் தூக்கினாள். 'உனக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? நீதானே தட்டுக்காரி.'

சின்னவள் அதை முழுதாக நம்பவில்லை. காலையிலும் அந்தியிலும் காற்று ஓய்வது வழக்கம்தானே. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறதே தவிர, ஒன்றால் ஒன்று என்று எப்படிச் சொல்வது? காற்று எழும்பியது. ஏரி முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தது. மலை குலைந்து, துண்டு துண்டாகி, கரைந்தது. திரையில் எண்கள் ஏறின. இணைப்பு வந்துவிட்டது. இருந்தாலும் அவள் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மழை வரப்போகிறது என்று மாமா சொன்னார். மத்தியானம். உச்சி வெயில். பேட்டரி நிரம்பி வழிந்தது. அப்போது காற்று சொல்லிக்கொள்ளாமல் நின்றது. காயப்போட்ட துணிகள் அப்படியே தொங்கின. ஏரி மெருகு போட்ட மாதிரி ஆயிற்று. படித்துறையில் கட்டியிருந்த படகு தன் நிழல் மேல் அசையாமல் உட்கார்ந்தது. மலையும், மேகமும், பள்ளிக்கூடமும், கம்பமும், கம்பத்தின் உச்சியில் அவளுடைய தட்டும், ஒன்று விடாமல் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. ஜன்னலில் இருந்து பெரியவள் திரும்பிப் பார்க்காமலே கையைக் கவிழ்த்தாள். சின்னவள் திரையைப் பார்த்தாள். போயிருந்தது.

அவள் வெளியே ஓடி, படித்துறையின் கடைசிப் படியில் நின்று தண்ணீரையே பார்த்தாள். படித்த காலத்தில் ஒரு பக்கத்தில் வந்து, பரீட்சையோடு மறந்துபோன ஒன்று மெல்ல எழுந்து வந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் மாமா.

"மாமா, அந்தத் தட்டுலேருந்து வர்றது நேரா மட்டும் வரலை. கொஞ்சம் தண்ணியில பட்டுத் தெறிச்சும் வருது. அலையடிச்சா அது சிதறிப்போயிடும், தொந்தரவில்ல. தண்ணி கண்ணாடியா நின்னா அதுவும் முழுசா வந்து சேர்ந்துடுது. நேரா வந்ததும் சுத்தி வந்ததும் ஒண்ணோட ஒண்ணு மோதி, ரெண்டுமே இல்லாமப் போகுது."

மாமா யோசித்தார். "ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே வாசல்ல நுழையப் பாத்து, ரெண்டு பேருமே மாட்டிக்கற மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்ப தண்ணியை என்ன செய்யப்போற? தினம் காலைல நான் போய்த் துடுப்பால கலக்கிட்டு வரட்டுமா?"

சிரிப்பு வந்தாலும் அவள் மனம் வேறெங்கோ இருந்தது. தண்ணீரை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் தட்டின் கண்ணில் படாமல் செய்யலாம். இத்தனை நாளும் உயரம், இன்னும் உயரம் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஏற ஏற ஏரி முழுவதும் அதன் பார்வைக்கு வந்துவிட்டது. இப்போது வேண்டியது வேறு மாதிரி இடம். நகரத்துக் கோபுரம் தெரிய வேண்டும். ஏரி தெரியக் கூடாது.

இதைக் கையால் சொல்வதற்குச் சின்னவள் கொஞ்சம் திணறினாள். கோபுரம், ஆம். தண்ணீர், இல்லை. பெரியவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீடுகளைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில், கரையோரமாக முதுகைக் காட்டிப் படுத்திருந்த பாறை மேட்டின் பின்பக்கம் அழைத்துப்போனாள். சாயம் போகிற துணிகளை நனைத்துக் காயவைக்க அவள் வழக்கமாக வருகிற இடம். ஈரக்காற்று படாது. அங்கே நின்றால் ஏரி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் பாறையின் முதுகுக்கு மேலே, தூரத்தில், ஊசி மாதிரி நகரத்துக் கோபுரத்தின் மேல்பாதி.

சின்னவள் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். குத்துக்காலிட்டுப் பார்த்தாள். நின்று பார்த்தாள். பாறைக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து, கணக்குப் போட்டு, இன்னொரு தடவை போட்டாள். அக்காவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் சேர்ந்து சுற்றினாள்.

படித்துறையில் நூலிழைச் சிக்னல் கிடைக்கிற மூலைக்கு வந்து மேலாளரைக் கூப்பிட்டாள்.

"கீழ இறக்கணுமா?" என்றார் அவர். "எல்லாரும் மேல ஏத்தத்தான் ஆள் கேப்பாங்க."

"கீழதான் சார். பாறைக்குப் பின்னாடி, என் உயரத்துக்கு இருந்தாப் போதும்."

"உன் உயரமா?" அவர் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "சரி. ஏழு நாள் இருக்கு. இறக்கு."

மழை அன்று இரவே பெய்து தீர்ந்தது. மறுநாள் மாமாவும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சேர்ந்து தட்டை இறக்கிச் சுமந்துவந்தார்கள். இடுப்பளவு சிமெண்ட் மேடை போட்டுக் குட்டைக் குழாய் ஒன்றை நிறுத்தினார்கள். அது உறைய இரண்டு நாள் விட்டு, தட்டைப் பூட்டி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நகரத்தில் இருந்த தட்டோடு பார்க்க வைத்தாள் சின்னவள். அங்கிருந்து வீடுகளுக்கு அனுப்புகிற பெட்டி மட்டும் பள்ளிக்கூட மாடியிலேயே இருந்தது. நடுவில் ஒரு வயர் ஓடியது.

அதற்கடுத்த விடியலில் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. பனி விலகியது. காற்று மூச்சு விடவில்லை. மலை வந்து தண்ணீரில் தலைகீழாக நின்றது. மரம் மரமாக எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. பெரியவள் கவிழ்க்கத் தயாராகக் கையை உயர்த்தி வைத்திருந்தாள். சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்கள் அசையவில்லை. மாமா வாசலில் நின்றவர் ஒரு கால் மாற்றி மறு காலில் நின்றார். அப்படி எவ்வளவு நேரம் போயிற்றோ, நகரத்தில் அம்மா தூக்கக் கலக்கத்தோடு, கறுப்புச் சட்டையோடு, திரையில் வந்து உட்கார்ந்து, 'என்ன, மூணு பேரும் சிலை மாதிரி நிக்கறீங்க? மறுபடி உறைஞ்சு போச்சா?' என்று கேட்டாள். பெரியவள் உயர்த்திய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இணைப்பு விழவில்லை. அந்தக் கரைக்கு அது மெல்ல மெல்லப் பழக்கமாயிற்று. மருத்துவமனை நர்ஸ், நகரத்து டாக்டரிடம் புண்ணைத் திரையில் காட்டி மருந்து கேட்டாள். வாத்தியார் தன் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் எப்படி இருக்கும் என்று காட்டினார். ஏரியைவிடப் பெரிசா என்று கடைசி வரை ஒருவன் நம்பவில்லையாம். அம்மாவும் பெரியவளும் தினம் பேசினார்கள். ஒரு மாதத்தில் தினம் சண்டை போடவும் ஆரம்பித்தார்கள். கோபம் வந்தால் பெரியவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அம்மா பதறிப்போய்ச் சின்னவளிடம், "போ, போய் தட்டைப் பாரு," என்பாள். தட்டுக்கு ஒன்றுமில்லை, உன் பெண்ணுக்குத்தான் கோபம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு அம்மா ஒருநாள் வேறு ஒரு புகாரோடு வந்தாள். "பெரியவ என்னமோ புதுசு புதுசாக் கையை ஆட்டறா. எனக்குப் பாதி புரியலை. நாம சொல்லிக்கொடுத்ததை மறந்துடுவாளோ?"

சின்னவள் அந்த வாரமே மேடையைப் பார்வையிடப் போகிற சாக்கில் படகேறினாள். அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்தின் மேல் போன் சாய்த்து வைத்திருந்தது. திரையில் ஆறு கட்டம். ஆறிலும் ஆறு பெண்கள். எந்தெந்த ஊர்களோ. ஒருத்தியின் பின்னால் இருட்டிக்கொண்டிருந்தது, இன்னொருத்திக்கு நல்ல வெயில். எல்லாரும் தையல்காரிகள், எல்லாருக்கும் காது கேட்காது. வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனபோது கையால் பேசுகிற ஒருவரைப் பார்த்து, நம் வீட்டுப் பேச்சு இவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் திடுக்கிட்டு, அது வேறு பேச்சு என்று புரிந்து, அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெரியவள் இவர்களைக் கண்டுபிடித்திருந்தாள். மூன்று மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

சின்னவள் வாசற்படியிலேயே நின்றாள். ஏழு பேரின் கைகள். மழை மாதிரி விடாமல் பெய்தன. ஒருத்தி ஏதோ சொல்ல, ஆறு பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். பெரியவள் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரிப்பு எதற்கு என்று ஒரு துளியும் விளங்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை. குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு விருந்தினர் வந்து, பெரியவர்கள் எல்லாம் வாயசைத்துச் சிரிக்கையில், அக்கா ஒரு மூலையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. வருத்தமா என்று கேட்டால் வருத்தம் மட்டுமில்லை.

பெரியவள் அவளைப் பார்த்துவிட்டாள். இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்து, ஆறு பேருக்கும் ஏதோ சொன்னாள். சுண்டுவிரலைத் தொடவில்லை, வேறு ஏதோ செய்தாள். ஆறு பேரும் தலையாட்டிவிட்டு, சின்னவளைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

'என்ன கேக்கறாங்க?' என்றாள் சின்னவள், வீட்டுப் பேச்சில்.

'உன் தங்கச்சிக்கும் காது கேக்காதான்னு கேக்கறாங்க.'

'நீ என்ன சொன்ன?'

பெரியவளின் முகத்தில் குறும்பு ஏறியது. 'காது நல்லாக் கேக்கும், கைதான் கேக்காதுன்னு சொன்னேன்.'

சின்னவள் அக்காவின் முதுகில் ஒன்று வைத்தாள். கட்டங்களுக்குள் இருந்த பெண்கள் கை தட்டுவதற்குப் பதிலாக இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். படித்துறையிலிருந்து மாமா, கடைசிப் படகு கிளம்பப் போகிறது என்று குரல் கொடுத்தார்.

"நான் இன்னிக்கு வரலை மாமா!" என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, சின்னவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அக்காவிடம் கேட்டாள்:

'இப்ப என்னை என்னன்னு சொன்னே? மெதுவா, மறுபடி செஞ்சு காட்டு.'